பதினோரு மாதத்துக்கு ஒரு பகல்

சேசு மரி சூசை
நெய்க்காரப்பட்டி, 2-4-1997

பீர் முகமது அவர்களுக்கு,

ஐரின் டீச்சர் எழுதுவது. நலமறிய ஆவல் என்று எழுத வேண்டும். வாடகை மணியார்டர் கூப்பனிலேயே "எல்லோரும் சுகம்" என்று நீங்கள் எழுதியிருந்ததால் அந்த வரியை மிச்சம் பிடிக்கிறேன்.

வருகிற ஏப்ரல் 30, புதன்கிழமையோடு நம் பத்தாவது ஒப்பந்தம் முடிகிறது. வழக்கம்போல அன்று காலை எட்டு மணிக்குள் சாமான் அத்தனையையும் வெளியேற்றி, வீட்டைக் கழுவி, சாவியை என் கையில் கொடுக்க வேண்டும். மாலை ஆறு மணிக்கு அடுத்த பதினோரு மாதத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாவியை வாங்கிக்கொள்ளலாம். நடுவில் உள்ள பத்து மணி நேரம் வீடு என் வசம்.

எதற்கு இந்தச் சிரமம் என்று ஒவ்வொரு முறையும் உங்கள் வீட்டார் கேட்பதால் ஒவ்வொரு முறையும் சொல்கிறேன். ஒரே ஆள் பன்னிரண்டு வருஷம் விடாமல் குடியிருந்தால் வீடு அவருக்கே போய்விடும். எங்கள் ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. ஒரு பகல் காலி செய்துவிட்டால் கணக்கு அறுந்துபோகும். நீங்கள் நல்லவர்தான். சட்டத்துக்கு நல்லவர், கெட்டவர் என்ற பேதம் தெரியாது.

போன முறை அடுப்படி மாடத்தில் ஓர் ஊறுகாய் ஜாடியை விட்டுவிட்டுப் போயிருந்தீர்கள். ஜாடி உங்களுடையது என்றால் மாடம் உங்களுடையது, மாடம் உங்களுடையது என்றால் அடுப்படி உங்களுடையது என்று நாளைக்கு ஒரு வக்கீல் ஆரம்பிப்பார். இந்த முறை அப்படி நடக்கக் கூடாது.

கட்டில் விஷயத்தில் பழைய சமரசம் தொடரும்.

ஐ. ஐரின்

786
பேகம்பூர், திண்டுக்கல், 7-4-1997

மரியாதைக்குரிய டீச்சரம்மாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. ஊறுகாய் ஜாடிக்கு மன்னிப்புக் கேட்கிறேன். அது என் மாமியார் கொடுத்தது. அதை மறந்ததற்கு வீட்டில் எனக்குத் தனியாக விசாரணை நடந்து முடிந்துவிட்டது.

இந்த ஒன்பது வருஷத்தில் ஒன்பது தடவை காலி செய்திருக்கிறேன் டீச்சரம்மா. கல்யாண வீடுகளுக்கு அண்டா, குண்டா வாடகைக்கு விடுகிற தொழில் என்பதால் வண்டியும் ஆளும் எனக்கு உண்டு. ஆனாலும் பீரோ, கிரைண்டர், தையல் மெஷின், மூன்று பிள்ளைகளின் புத்தகம் என்று வரிசையாக வெளியே வரும்போது தெருவே வாசலில் நின்று பார்க்கிறது. எதிர்வீட்டு மாவு மில் அழகர், "என்ன பாய், தேர் கெளம்பிருச்சா?" என்று கேட்கிறார். மாலை அதே சாமான்கள் அதே வரிசையில் உள்ளே போகும்போது, "தேர் நிலைக்கு வந்துருச்சு" என்கிறார். இதைத் தாங்கிக்கொள்கிறேன்.

கட்டிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. அறையிலேயே வைத்துச் செய்த கட்டில் அது. பொம்மையன் ஆசாரி அறைக்கு அளவெடுத்தார், வாசலுக்கு எடுக்கவில்லை. தலைமாட்டுப் பலகை அகலமும் நாலடி, உயரமும் நாலடி, கால்மாட்டிலும் அப்படியே, வாசலோ இரண்டே முக்கால் அடி. ஆப்பும் வச்சிரப் பசையும் போட்டு இறுக்கியதால் பிரித்தால் விறகுதான். படுத்திருக்கும் கட்டில் என்றால் குடியிருப்பு, சுவரோரம் நிமிர்த்தி வைத்தால் வெறும் மரச்சாமான் என்று 1989-ல் நீங்களே தீர்ப்புச் சொன்னீர்கள். அதன்படியே நிமிர்த்தி வைத்துவருகிறேன்.

இந்தத் தடவை ஒரு சலுகை கேட்கிறேன். நத்தத்தில் கட்டிக்கொடுத்த மூத்த மகள் ஜுலைகா தலைப்பேற்றுக்கு வந்திருக்கிறாள். மே முதல் வாரம் என்று டாக்டரம்மா தேதி கொடுத்திருக்கிறார். நிறைமாதத்தில் பெண்ணை அக்கினி வெயிலில் பாத்திரக் கடையில் அண்டாக்களுக்கு நடுவில் எப்படி உட்காரவைப்பேன்? ஒரே ஒரு தடவை விட்டுக்கொடுங்கள். பத்திரத்தில் எங்கே சொன்னாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

பீர் முகமது

சேசு மரி சூசை
நெய்க்காரப்பட்டி, 10-4-1997

பீர் முகமது அவர்களுக்கு,

ஜுலைகா நல்லபடியாகப் பெற்றுப் பிழைக்க ஜெபிக்கிறேன். பழனி போகும்போது மாதா கோயிலில் மெழுகுவர்த்தியும் ஏற்றுவேன். அது வேறு, இது வேறு.

அழகரின் மில்லுக்குப் பின்னால் மின்விசிறியோடு ஓர் அறை இருக்கிறது. அவரிடம் நானே எழுதிக் கேட்கிறேன். பெண் அங்கே பத்து மணி நேரம் படுத்திருக்கட்டும். இருபது அடி தூரம்தான். டாக்டர்களே நடக்கச் சொல்கிறார்கள்.

ஒரு முறை விட்டுக்கொடுத்தால் அது வழக்கமாகிவிடும். முப்பத்திரண்டு வருஷம் வகுப்பறையில் நின்றவள் நான். ஒரு பிள்ளையை ஒரு நாள் தாமதமாக வர விட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

ஐ. ஐரின்

786
பேகம்பூர், 14-4-1997

டீச்சரம்மாவுக்கு,

அழகர் கடிதத்தைக் கொண்டுவந்து காட்டினார். அந்த அறையில் இப்போது மிளகாய் மூட்டை அடுக்கியிருக்கிறார். நிறைமாதப் பெண் அங்கே தும்ம ஆரம்பித்தால் பிள்ளை அங்கேயே பிறந்துவிடும் என்று அவரே சொல்கிறார்.

கோபித்துக்கொள்ளாமல் ஒரு கணக்குக் கேளுங்கள். நான் எட்டாவதோடு நின்றவன், தப்பிருந்தால் திருத்துங்கள். காலி செய்த அன்றைக்குப் பழைய கணக்கு அறுந்துவிடும் என்கிறீர்கள். கடைசியாகக் காலி செய்தது போன வருஷம் மே 31. அப்படியானால் என் புதுக் கணக்கு ஜூன் ஒன்றாம் தேதிதான் தொடங்கியது. பன்னிரண்டு வருஷம் ஆக இன்னும் பதினோரு வருஷத்துக்கு மேல் இருக்கிறது. இந்த ஒரு தடவை விட்டால் உங்களுக்கு என்ன குறைந்துவிடும்? 2008-ல் காலி செய்தால்கூடப் போதுமே.

இந்தக் கணக்கைச் சொன்னதும் என் மனைவி சர்புன்னிசா என்னை முதல் தடவையாக மரியாதையோடு பார்த்தாள். அதனால் பதில் எழுதும்போது கொஞ்சம் பார்த்து எழுதுங்கள்.

பீர் முகமது

நெய்க்காரப்பட்டி, 18-4-1997

பீர் முகமது அவர்களுக்கு,

கணக்கு சரி. அதற்காகக் காலி செய்யாமல் இருக்க முடியாது.

வீடு என்னுடையது. வருஷம் முழுக்க நான் அதைக் கேட்பதில்லை. வெள்ளையடித்தீர்களா என்று கேட்டதில்லை, ஆணி அடித்தீர்களா என்று கேட்டதில்லை. ஒரே ஒரு பகல் கேட்கிறேன். அதையும் கணக்குப் போட்டுப் பிடுங்கப் பார்க்கிறீர்கள். 30-ஆம் தேதி நான் முதல் பஸ்ஸில் வருவேன். எட்டு மணிக்கு வீடு காலியாக இல்லையென்றால் ஜெரோம் வக்கீலிடம் நோட்டீஸ் விடச் சொல்வேன். அவன் என் மாணவன். ஆறாம் வகுப்பில் அவனை முட்டி போட வைத்தது நான்தான்.

ஐ. ஐரின்

786
பேகம்பூர், 24-4-1997

டீச்சரம்மாவுக்கு,

நோட்டீஸ் வரும்வரை காத்திருக்கப் பயந்து, நானே ஜெரோம் வக்கீலைப் போய்ப் பார்த்துவிட்டேன். உங்கள் பேரைச் சொன்னதும் மனிதர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டார்.

நம் பத்துப் பத்திரத்தையும் மேஜையில் பரப்பினேன். எல்லாம் பதினோரு மாதமாகவே இருப்பது சரிதான் என்றார். ஒரு வருஷத்துக்கு மேல் போனால் ரிஜிஸ்தர் ஆபீசில் பதிய வேண்டும், செலவு, அலைச்சல், அதனால்தான் ஊரே பதினோரு மாதம் எழுதுகிறது என்றார். பன்னிரண்டு வருஷக் கதைக்கு வந்ததும் சிரித்துவிட்டார். என் தொழிலை வைத்தே எனக்குப் புரியவைத்தார்.

"பாய், ஒங்க கடை அண்டாவ ஒருத்தன் கல்யாணத்துக்கு எடுத்துட்டுப் போறான். இருவது வருஷம் வச்சிக்கிட்டு மாசாமாசம் வாடகையும் குடுக்கான். அண்டா அவனுதாயிருமா?"

"எப்படிங்க ஆகும்? எம்பேருல்ல வெட்டியிருக்கு."

"நீங்க மாசாமாசம் அனுப்புற வாடகைதான் பாய் அந்த வீட்டுல வெட்டியிருக்கிற டீச்சர் பேரு. வாடகை குடுக்கிறவரைக்கும், வீடு அவுகளுதுன்னு நீங்களே ஒத்துக்கிட்டு இருக்கீக. யாருக்கும் வாடகை குடுக்காம, இது என்னதுதான்னு ஊரறியச் சொல்லிக்கிட்டு, சொந்தக்காரவுக கண்ணெதிரயே ஒருத்தன் இருந்தாத்தான் அந்தப் பன்னெண்டு வருஷப் பேச்சே வரும்."

நூறு வருஷம் இருந்தாலும் வாடகைக்காரன் வாடகைக்காரன்தானாம். அதே சமயம், வாடகையை ஒழுங்காகக் கொடுக்கிறவனைக் கோர்ட்டுக்குப் போகாமல் சும்மா வெளியேற்றவும் முடியாதாம். அதற்கென்று சில காரணங்கள் உண்டு. வாடகை பாக்கி, உள்வாடகைக்கு விடுவது, அப்புறம் சொந்தக்காரர் தானே குடியிருக்க வேண்டும் என்று கேட்பது. இந்த ஊரில் வேறு வீடு இல்லாத சொந்தக்காரர் அப்படி உண்மையாகவே கேட்டால் கோர்ட்டு அவர் பக்கம்தான் நிற்குமாம்.

அப்புறம்தான் என்னைத் திட்டினார். "சட்டம் இம்புட்டுப் பாதுகாப்பு குடுத்திருக்கு, நீங்க ஒம்பது தடவ சாமானையெல்லாம் எடுத்துட்டு, சாவிய அவுக கையில குடுத்திருக்கீக. ஒரு தடவ அவுக பூட்டிட்டு பஸ் ஏறியிருந்தா, நீங்களாத் திருப்பிக் குடுத்த வீட்டுக்கு என்னத்தச் சொல்லி வழக்காடுவீக?"

இத்தனை நாளும் நீங்கள் என்னைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தீர்கள் என்று நினைத்திருந்தேன். பயப்பட வேண்டியவன் நானாம்.

கடைசியாக அவர் சொன்னதுதான் எனக்கு விளங்கவில்லை. இதையெல்லாம் 1991-லேயே நீங்கள் அவரிடம் வந்து கேட்டீர்களாம். அவரும் சொன்னாராம், நீங்களும் நோட்டில் குறித்துக்கொண்டு போனீர்களாம். அதற்குப் பிறகும் ஆறு தடவை என்னைக் காலி செய்ய வைத்திருக்கிறீர்கள்.

எனக்குக் கோபமில்லை என்று எழுத நினைத்தேன். கோபம் இருக்கிறது. ஆனால் அதைவிடக் கேள்வி பெரிதாக இருக்கிறது. ஏன்?

பீர் முகமது

சேசு மரி சூசை
நெய்க்காரப்பட்டி, 28-4-1997

தம்பி பீர் முகமதுக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்தேன். இது நாலாவது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

ஜெரோம் சொன்னது உண்மை. முதல் மூன்று முறை பயத்தில் கேட்டேன். பின் ஆறு முறையும் பொய் சொன்னேன். முப்பத்திரண்டு வருஷம் பிள்ளைகளைப் பொய் சொல்லாதே என்று அடித்தவள் இதை எழுதுவது எப்படி இருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

அந்த வீட்டை என் பி.எஃப். பணத்தில் கட்டினேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் குடையைப் பிடித்துக்கொண்டு நின்று, ஒவ்வொரு வரிசைச் செங்கல்லுக்கும் நானே தண்ணீர் தெளித்திருக்கிறேன். சமையலறை ஜன்னலைக் கிழக்குப் பக்கம் வைக்கச் சொல்லிக் கொத்தனாரோடு சண்டை போட்டேன். 1988 பிப்ரவரியில் பங்குச் சாமியார் வந்து வீட்டை மந்திரித்து ஆசீர்வதித்தார். அந்த வாரமே பழனிப் பக்கம் மாற்றல் வந்தது. மார்ச் முதல் தேதி உங்களிடம் சாவியைக் கொடுத்தேன். என் வீட்டில் நான் ஓர் இரவுகூடப் படுத்ததில்லை.

ஓய்வு பெற்றதும் தம்பி பிராங்கிளின் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். அக்காவைத் தனியாக விட்டான் என்று நாலு பேர் பேசிவிடக் கூடாதாம். நல்லவன். அவன் மனைவி அமலராணியும் கெட்டவள் இல்லை. எனக்கு ஹாலில் டி.வி.க்குப் பக்கத்தில் இடம். காலை ஐந்தரைக்குப் பால்காரர் வருவதற்குள் பாயைச் சுருட்டி, பெட்டியை அலமாரிக்குப் பின்னால் தள்ளிவிட வேண்டும். நீங்கள் பதினோரு மாதத்துக்கு ஒரு முறை காலி செய்கிறீர்கள். நான் ஆறு வருஷமாகத் தினமும் காலையில் காலி செய்கிறேன்.

அந்த ஒரு பகல் எனக்கு வேண்டியிருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு, என் ஜன்னல் ஓரத்தில் நின்று, எனக்குப் பிடித்ததைச் சமைத்து, என் வீட்டில் யாரும் எழுப்பாமல் ஒரு மணி நேரம் படுத்து எழுவேன். அவ்வளவுதான். சொந்த உபயோகத்துக்கு வேண்டும் என்று கேட்கலாம் என்று ஜெரோம் அப்போதே சொன்னான். உங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். கேட்க வாய் வரவில்லை. வாசலில் சாவிக்காக நீங்கள் நிற்கும்போது, ஒவ்வொரு மாலையும், கொடுக்காமலே பஸ் ஏறிவிடலாமா என்று எனக்குத் தோன்றத்தான் செய்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

30-ஆம் தேதி நான் வரவில்லை. யாரும் எதையும் தூக்க வேண்டாம். பத்திரத்தைத் தபாலில் அனுப்புங்கள், கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன். ஜுலைகாவை வெயிலில் நடக்கச் சொன்னதற்கு வெட்கப்படுகிறேன்.

ஐரின்

786
பேகம்பூர், 12-5-1997

டீச்சரம்மாவுக்கு,

முதலில் நல்ல சேதி. மே 4-ஆம் தேதி ஜுலைகாவுக்கு ஆண் குழந்தை. மூன்றரைக் கிலோ. ஆஸ்பத்திரியில் பெற்று, நேராக நம் வீட்டுக்கு வந்து, பொம்மையன் ஆசாரியின் கட்டிலில் படுத்துத் தெருவுக்கே கேட்கும்படி அழுகிறான். உங்கள் மெழுகுவர்த்தியைச் சொன்னேன். சர்புன்னிசா சலாம் சொன்னாள்.

உங்கள் கடிதம் எனக்கு 2-ஆம் தேதிதான் கிடைத்தது. அதனால் 30-ஆம் தேதி காலை எட்டு மணிக்கு நான் சாவியோடு வாசலில் நின்றேன். ஜுலைகாவை உள்ளறையில் விட்டுவிட்டு முன்னறையையும் அடுப்படியையும் மட்டும் காலி செய்திருந்தோம். ஜாடியைக்கூட எடுத்தாயிற்று. பழனி பஸ் ஒவ்வொன்றும் வரும் நேரத்துக்கு அழகர் மில்லை விட்டு இறங்கிப் போய்த் தெருமுனையில் பார்த்துவிட்டு வந்தார். மாலை ஆறு மணிக்குச் சாவியை எனக்கு நானே கொடுத்துக்கொண்டேன்.

நீங்கள் மறைத்ததாக நினைத்தது எங்களுக்குப் பாதி தெரியும். கிழக்குச் சுவரில் நிமிர்த்தி வைத்துவிட்டுப் போன கட்டில், திரும்பி வந்தால் மேற்குச் சுவரில் நிற்கும். அடுப்படியில் நெத்திலிக் கருவாட்டு வாசம் மூன்று நாள் போகாது. "காலி வீட்டுல கருவாட்ட வறுத்தது யாரு, ஜின்னு பூதமா?" என்று சர்புன்னிசா வருஷாவருஷம் கேட்பாள். கட்டிலை இறக்கி ஏற்ற நீங்கள் மில் ஆட்களைக் கூப்பிட்டதை அழகர் இப்போதுதான் ஒத்துக்கொண்டார். வீட்டுக்காரம்மா ஒரு நாள் சமைத்துச் சாப்பிட்டால் நமக்கென்ன என்று விட்டுவிட்டோம். வருஷம் முழுக்க அதற்காகவே காத்திருக்கிறீர்கள் என்று மட்டும் எங்களுக்குத் தெரியவில்லை.

உங்கள் கடிதத்தை சர்புன்னிசாவுக்குப் படித்துக் காட்டினேன். பாய் சுருட்டுகிற இடம் வந்ததும் அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். திரும்பி வந்து கேட்டாள்: "ஒம்பது தடவையும் சாவியத் திருப்பிக் குடுத்தவுகளுக்கு, நாம ஒரு தடவ குடுத்திட்டுத் திரும்ப வாங்காம இருந்தா என்ன?"

இதே தெருவில் மூன்று வீடு தள்ளி முகமது பாரூக்கின் மாடி காலியாக இருக்கிறது. அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். குழந்தைக்கு நாற்பது நாள் முடிந்து, ஜூன் 30 அன்று தேர் கடைசியாகக் கிளம்பும். அதனால் பத்திரம் அனுப்பவில்லை. மறுக்காதீர்கள். உண்மையாகக் குடியிருக்கக் கேட்டால் சட்டமே உங்கள் பக்கம் என்று உங்கள் மாணவர் சொல்லியிருக்கிறார். நீங்கள் கேட்கவில்லை, அது ஒன்றுதான் குறை. நீங்கள் கேட்டதாகவே நான் வைத்துக்கொள்கிறேன்.

பிராங்கிளின் தம்பியிடம், வாடகைக்காரன் ஓடிவிட்டான், வீட்டைக் காவல் காக்க ஆள் வேண்டும் என்று சொல்லுங்கள். அவருக்கும் பேர் கெடாது.

பீர் முகமது

786
பேகம்பூர், 28-6-1997

டீச்சரம்மாவுக்கு,

எல்லாம் கட்டியாயிற்று. கட்டில் மட்டும் வராது, உங்களுக்கே தெரியும். அதைச் சும்மா கொடுத்தால் நீங்கள் வாங்கமாட்டீர்கள் என்பதும் தெரியும். அதனால் ஜெரோம் வக்கீலை வைத்து ஒரு பத்திரம் எழுதியிருக்கிறேன். அவர் எழுதும்போது இரண்டு தடவை பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

பேகம்பூர் பீர் முகமதுவுக்குப் பாத்தியப்பட்ட கட்டில் ஒன்று, ஜூலை முதல் தேதியிலிருந்து பதினோரு மாதத்துக்கு ஐரின் டீச்சர் அவர்களுக்கு வாடகைக்கு விடப்படுகிறது. வாடகை மாதம் ஒரு தட்டு கருவாட்டு வறுவல். தலைமாட்டுப் பலகையின் பின்புறம் என் பேர் வெட்டப்பட்டுள்ளது. கெடு முடிகிற நாளில் காலை எட்டு மணிக்குக் கட்டிலைக் காலி செய்து, சுவரோரம் நிமிர்த்தி வைக்க வேண்டும். கட்டில்காரன் குடும்பத்தோடு வந்து மாலை ஆறு மணிவரை தன் வசம் வைத்திருப்பான். பன்னிரண்டு வருஷம் விடாமல் படுத்துவிட்டால் கட்டில் உங்களுக்குப் போய்விடும் என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

சாவி அழகரிடம் இருக்கிறது.

பீர் முகமது

சேசு மரி சூசை
பேகம்பூர், திண்டுக்கல், 25-5-1998

தம்பி பீர் முகமதுக்கு,

மூன்று வீடு தள்ளி இருப்பவருக்கு எதற்குத் தபால் என்று தபால்காரர் கேட்டார். சட்டப்படி அறிவிப்பு எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்று சொன்னேன்.

மே 31, ஞாயிற்றுக்கிழமை, கட்டில் ஒப்பந்தம் முடிகிறது. காலை எட்டு மணிக்குக் குடும்பத்தோடு வந்து உங்கள் வசம் எடுத்துக்கொள்ளவும். ஞாயிறு காலைப் பூசைக்குப் பதிலாக நான் சனிக்கிழமை மாலைப் பூசைக்கே போய்விட்டு வந்துவிடுவேன். சர்புன்னிசா பிரியாணிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம். என் அடுப்படி, என் சமையல். ஊறுகாய் ஜாடி மட்டும் கொண்டுவரலாம், விட்டுவிட்டும் போகலாம்.

நத்தத்திலிருந்து ஜுலைகாவையும் வரச் சொல்லி எழுதியிருக்கிறேன். பயல் நடக்க ஆரம்பித்துவிட்டான் என்கிறாள். மத்தியானம் அவனுக்குத் தூங்க இடம் வேண்டும். ஆகவே ஒப்பந்தத்தில் கண்டபடி கட்டிலைச் சுவரோரம் நிமிர்த்தி வைக்க இயலாது என்று இதன்மூலம் தெரிவித்துக்கொள்கிறேன். ஆறு மணி ஆனாலும் அவனை எழுப்பவும் மாட்டேன். இது ஒப்பந்த மீறல் என்று எனக்குத் தெரியும். நோட்டீஸ் விடுவதானால் ஜெரோமிடம் போங்கள். அவனையும் அன்று சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறேன்.

ஐரின்